கலம் அழைக்கும் விளக்கு

கலங்கரை விளக்கம் என்னும் தொடரைப் பிரித்துப் பொருள் கூறுமாறு வகுப்பில் கேட்டால், கலத்துக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்றே மாணவர் பெரும்பாலும் விடை தருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த விடை அதுதான். ஆனால் கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்றொரு பொருள் உண்டு. காக்கை கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம் அன்றோ? கலங்களைக் கரையும் விளக்கம், அஃதாவது கடலில் செல்லும் மரக்கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு, என்பதே அத்தொடரின் பொருள். சிலப்பதிகாரத்தில் இத்தொடர் வருகிறது. அதற்கு முற்பட்ட பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்றைப் பாடும்போது, ஏணி சார்த்திய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய தீ, ஓடுகின்ற கலங்களை அழைப்பதாகவே கூறுகிறது.

இதனை வெறும் சொல்லாராய்ச்சிக்காக நான் கூறவில்லை. விளக்கு என்றவுடன் இருளைப் போக்குவது என்று நாம் நினைக்கிறோம். தெருவிளக்கு தெருவைக் காட்டுகிறது. வீட்டு விளக்கு வீட்டைக் காட்டுகிறது. கலங்கரை விளக்கமோ கடலில் ஒரு முழ நீரைக்கூட மாலுமிக்குக் காட்டுவதில்லை. தன்னை மட்டுமே அது காட்டிக்கொள்கிறது. ‘நான் இன்ன இடத்தில் நிற்கிறேன், நீ எங்கே இருக்கிறாய் என்பதை என்னை வைத்துக் கணக்கிட்டுக்கொள்’ என்பதே அதன் பேச்சு. ஆகவே அது குரல் கொடுத்தால் மட்டும் போதாது; யாருடைய குரல் என்பதும் தெரியவேண்டும். கடல்வழி அடையாளங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது.

விளக்கு இல்லாத அடையாளங்களும் உண்டு. குமரிக் கடற்கரையில் ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், மாணவன் ஒருவனின் தந்தையார், கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். ‘மலையும் கோயிலும் ஒண்ணாட்டுச் சேந்தா நம்ம பாரு வந்தாச்சு, சாரே’ என்றார் அவர். தொலைவிலுள்ள மலைமுகடு ஒன்றும், கரையிலுள்ள மாதா கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்து பொருந்த வேண்டும். வேறொரு திசையில் அதேபோல் மற்றோர் இணை பொருந்த வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் அவர்கள் தேடும் இடம். இதனைக் கணிச்சம் என்பர். துறைமுக வாயில்களில் முன்னும் பின்னுமாக, ஒன்று தாழவும் ஒன்று உயரவும், இரண்டு கம்பங்களை நட்டு, அவை நேர்கோட்டில் தெரியும்படி கப்பலைச் செலுத்து என்று பொறியியலார் வகுத்திருப்பதும் இதே முறைதான். வடிவ கணிதத்தைப் பலகையில் படிக்கும் மாணவர்கள் இதனை ஒருமுறை கடற்கரையில் நின்று பார்க்கவேண்டும்.

உலகின் பழைய கலங்கரை விளக்கங்களுள் புகழ்பெற்றது எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பாரோஸ் என்னும் தீவில் நின்றது. கி.மு. 280 அளவில், இரண்டாம் தாலமி மன்னன் காலத்தில் அது எழுந்தது. பல நூற்றாண்டுகள் நின்று, நிலநடுக்கங்களால் சிதைந்து, 14ஆம் நூற்றாண்டில் அழிந்தது. பிரெஞ்சு மொழியில் கலங்கரை விளக்கத்துக்கு வழங்கும் சொல் இத்தீவின் பெயரிலிருந்தே பிறந்தது. ஆயினும் அது துறைமுக வாயிலில், உறுதியான நிலத்தில் நின்ற விளக்கு. கடலின் நடுவே, அலை மூடும் பாறையின்மேல் விளக்கு நிறுத்துவது வேறு கதை. அதனைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் எடிஸ்டோன் என்னும் பாறைக்கூட்டம் இருக்கிறது. நீர் ஏற்றத்தின்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும். அதில் மோதி உடைந்த கப்பல்கள் பல. அவ்வாறு உடைந்த கப்பல்களில் பணம் முடக்கியிருந்தவர்களுள் ஒருவர் ஹென்றி வின்ஸ்டன்லி. அவர் பொறியியலார் அல்லர், செதுக்கோவியம் வரைபவர், வேடிக்கைப் பொறிகள் செய்து மக்களை மகிழ்விப்பவர். பாறையில் விளக்கு ஒன்று அமைக்க அவரே முன்வந்து, 1696ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். கடல் இடங்கொடுத்த சில மணி நேரங்களில் படகில் சென்று, பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பிகளை நடுவதற்கே அந்த ஆண்டின் பருவம் கழிந்தது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். காவல் கப்பல் இல்லாத ஒருநாள், பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் ஒன்று வந்து வின்ஸ்டன்லியைச் சிறைபிடித்துச் சென்றது. செய்தி பதினான்காம் லூயி மன்னனுக்கு எட்டியபோது, ‘நமக்குப் போர் இங்கிலாந்தோடுதான், மனித குலத்தோடு அன்று’ என்னும் பொருள்படச் சொல்லி அவரை விடுவித்ததாகக் கூறுவர். அரசன் உண்மையில் எச்சொற்களைச் சொன்னான் என்பது எப்படியாயினும், வின்ஸ்டன்லி விடுதலையானார் என்பது வரலாறு. அந்தப் பாறை பிரெஞ்சுக் கப்பல்களையும் உடைக்கக்கூடியது அன்றோ!

1698 நவம்பரில் விளக்கு ஏறியது. மெழுகுத்திரிகளே ஒளி. அடுத்த ஆண்டே கோபுரத்தைப் பெருக்கிக் கட்டினார். அணிவேலைப்பாடுகளும் மாடங்களும் நிறைந்த அந்தக் கட்டடம், காற்றுக்கு எத்தனை கை கொடுக்கும் என்பதை அவர் எண்ணவில்லை போலும். மிகப் பெரிய புயல் ஒன்று வரும்போது தாம் அதனுள்ளே இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். 1703 நவம்பரில், அந்நாட்டு வரலாற்றிலேயே கொடியது எனக் கூறப்படும் புயல் வந்தது. பழுது பார்ப்பதற்காகச் சென்ற வின்ஸ்டன்லி அன்றிரவு உள்ளே இருந்தார். விடிந்தபோது பாறையில் எஞ்சியவை வளைந்த சில இரும்புக் கம்பிகள் மட்டுமே. விளக்கு நின்ற 5 ஆண்டுகளில் பெரிய கப்பல் உடைவு ஏதும் அங்கே நிகழவில்லை. அது போன சில நாட்களிலேயே வணிகக் கப்பல் ஒன்று அதே பாறையில் மோதி உடைந்தது. விளக்கு வேண்டுமா வேண்டாமா என்னும் வாதத்தை அதற்குப் பின் யாரும் எழுப்பவில்லை.

இரண்டாவது கோபுரத்தைக் கட்டிய ரட்யர்டு என்பவர் பட்டு வணிகர். அவர் கப்பல் தச்சர்களைத் துணைக்கொண்டு, அணிகளை யெல்லாம் நீக்கி, வழவழப்பான கூம்பு வடிவில் மரக்கோபுரம் எழுப்பினார். அடியில் பாரத்துக்காகக் கற்களை அடுக்கினார். 1709இல் முற்றுப்பெற்ற அது 46 ஆண்டுகள் அலைகளைத் தாங்கியது. 1755 டிசம்பரில் அதனை அழித்தது நீர் அன்று, நெருப்பு. உச்சியிலிருந்த விளக்கறையில் தீப்பற்றியபோது, 94 வயதான காவலர் ஹென்றி ஹால், வாளி வாளியாக நீரை மேல்நோக்கி வீசினார். கூரையின் ஈயம் உருகி அவர்மேல் வழிந்தது. கரைக்கு வந்தபின், தம் வயிற்றுக்குள் ஈயம் சென்றுவிட்டது என்று அவர் சொன்னார், யாரும் நம்பவில்லை. 12 நாட்கள் கழித்து அவர் இறந்தார். மருத்துவர் சோதித்தபோது 7 அவுன்சுக்கு மேல் எடையுள்ள ஈயக்கட்டி வயிற்றில் இருந்தது. அதனை அறிஞர் கழகத்துக்கு அறிவித்த மருத்துவரையும் முதலில் பலர் நம்பவில்லையாம். அந்த ஈயக்கட்டி இன்று ஸ்காட்லாந்தின் தேசிய அரும்பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

மூன்றாவதாக வந்தவர் ஜான் ஸ்மீட்டன். கருவிகள் செய்யும் தொழிலிலிருந்து பொறியியலுக்கு வந்தவர். மரமும் வேண்டா, வெறும் கூம்பும் வேண்டா என்று அவர் முடிவு செய்தார். புயலில் சாயாத கருவாலி மரத்தின் அடிப்பகுதியை அவர் எண்ணிப்பார்த்தார். நிலத்தருகே அகன்று, மேலே வளைந்து குறுகும் அந்த வடிவத்தைக் கல்லில் செய்தால் என்ன? ஒவ்வொரு கருங்கல்லையும் பக்கத்துக் கல்லின் வாயில் புறாவால் வடிவில் பொருத்தினார். தச்சர் பெட்டி செய்யும்போது மூலைகளைக் கோப்பதுபோல. பாறையையும் படிப்படியாக வெட்டி, அடிவரிசைக் கற்களை அதனோடு கோத்தார்.

இதைவிடப் பெரிய செயல் ஒன்று அவர் சுண்ணாம்பு ஆராய்ச்சி. நீருக்கடியில் இறுகும் சாந்து அவருக்குத் தேவைப்பட்டது. எந்தச் சுண்ணாம்பு நீரில் இறுகும், எது கரையும் என்று பல ஊர்க் கற்களைச் சுட்டுச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லே நீரில் இறுகும் என்று கண்டார். பின்னர் 1824இல் போர்ட்லண்டு சிமெண்ட் தோன்றுவதற்கு வழிகோலிய ஆராய்ச்சிகளுள் இஃது ஒன்று. இன்று நம் ஊரில் வீடு கட்டும் கொத்தனார் கையிலுள்ள கரண்டிக்கும் அந்தக் கடற்பாறைக்கும் தொடர்பு உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

1759 அக்டோபர் 16ஆம் நாள் ஸ்மீட்டனின் கோபுரத்தில் விளக்கேற்றப்பட்டது. இத்தனை அறிவும் உழைப்பும் செலவிட்டு உச்சியில் வைத்தது என்ன தெரியுமா? 24 மெழுகுத்திரிகள்! திரிகளைக் கவனிக்கக் காவலருக்கு நினைவூட்டும் பொருட்டு, அரைமணிக்கு ஒருமுறை ஒலிக்கும் கடிகாரம் உள்ளே இருந்தது. கட்டடக் கலை அவ்வளவு முன்னேறியும் ஒளியியல் பின்தங்கியே நின்றது.

அக்குறையை நீக்கியவர் அகஸ்டின் பிரனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர். ஒளி அலையாகப் பரவுகிறது என்று நிறுவியவர்களுள் ஒருவராக அவரை இயற்பியல் மாணவர் அறிவர். விளக்கின் ஒளி வானத்துக்கும் தரைக்குமாகச் சிதறி வீணாகிறது; அதனைக் குவித்து அடிவானத்தை நோக்கி அனுப்ப வேண்டும். பெரிய கண்ணாடி வில்லை ஒன்றை முன்னே வைக்கலாம், ஆனால் அத்துணைப் பெரிய வில்லை மிகத் தடிப்பாக இருக்கும், எடையும் மிகும், ஒளியையும் விழுங்கும். ஒளியை வளைப்பது வில்லையின் மேற்பரப்பின் சாய்வே அன்றி அதன் வயிறு அன்று என்பதனால், வயிற்றை நீக்கிவிட்டு, சாய்வுகளை மட்டும் வளையம் வளையமாக அடுக்கலாம் என்று அவர் துணிந்தார். 1823 சூலையில் பிரான்சின் கோர்துவான் விளக்கத்தில் அவருடைய வில்லை ஏறியது. 4 ஆண்டுகளில், 39ஆம் வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் டன் கணக்கில் எடையுள்ள வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டனர். அவை ஒரு விரலால் தள்ளினாலும் சுழலும்.

சுழற்சி ஏன் வேண்டும்? கரையெல்லாம் விளக்குகள் பெருகியபோது, இது எந்த விளக்கு என்னும் கேள்வி எழுந்தது. ஓர் விளக்கை மற்றொன்றாக மாறிக் கருதிய கப்பல் தலைவன், விளக்கே இல்லாத கடலில் செல்பவனைவிட இரங்கத்தக்கவன். நம்பிக்கையோடு பாறையை நோக்கிச் செல்பவன் அவன். ஸ்காட்லாந்தின் கிழக்கே, நீர் மூடும் பெல் ராக் என்னும் பாறையில் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி, 1811 பிப்ரவரியில் ஏற்றிய விளக்கு, சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி ஒளிர்ந்தது இதன் பொருட்டே. இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தாளம் உண்டு. இத்தனை நொடிக்கு இத்தனை மின்னல் என்று வரைபடத்திலும் விளக்குப் பட்டியலிலும் குறித்திருப்பார்கள். நொடிகளை எண்ணிப் பார்த்து மாலுமி அதன் பெயரைப் படிக்கிறான்.

இனி மிதவைகள். நம் துறைமுகத் தொழிலாளர் போயா என்பர். கோபுரம் கட்ட இயலாத மணல்திட்டுகளிலும், ஆழமான கால்வாயின் இரு ஓரங்களிலும், சங்கிலியால் கடலடியில் கட்டி மிதக்கவிடும் அடையாளங்கள் இவை. இவற்றில் ஆள் தங்க முடியாது. பிறகு இரவில் விளக்கு எவ்வாறு எரியும்? இதற்கு விடை கண்டவர் ஸ்வீடன் நாட்டுக் குஸ்தாவ் தலேன். அசிட்டிலின் வாயு நல்ல ஒளி தரும். ஆனால் எளிதில் வெடிக்கும். நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளில் அதனை உறிஞ்சவைத்து, அச்சமின்றிச் சேமிக்கும் முறையை அவர் கண்டார். பகலில் வாயு வீணாகாமலிருக்க, 1907இல் சூரிய அடைப்பான் என்னும் கருவியை அமைத்தார். கருமை பூசிய கம்பி ஒன்று, பளபளப்பான கம்பிகள் சில. கதிரவன் ஒளி பட்டால் கரியது மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறி நீண்டு, வாயுவின் வழியை அடைக்கும். இருட்டியதும் சுருங்கித் திறக்கும். ஆளில்லாத மிதவை மாலையில் தானே விளக்கேற்றி, காலையில் தானே அணைத்துக்கொண்டது. 1912இல் வாயுக்கலங்களின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்து, தலேன் இரு கண்களையும் இழந்தார். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய தமையனார், கண் மருத்துவர், சென்று பெற்றுவந்தார். பார்வையிழந்த நிலையிலும் 1937இல் இறக்கும்வரை அவர் தம் தொழிலகத்தை நடத்தினார்.

மிதவைக்கு விளக்கு கிடைத்தது. ஆனால் மொழி ஒன்றாகவில்லை. 1889இல் வாஷிங்டனில் கூடிய நாடுகள், துறைமுகத்துள் நுழையும்போது இடப்புறம் கறுப்பு மிதவை, வலப்புறம் சிவப்பு மிதவை என்று பரிந்துரைத்தன. பகலுக்கு இது சரி. இரவு விளக்குகள் வந்தபோது, ஐரோப்பிய நாடுகள் சில, துறைமுக வாயிலின் இடப்புறத்தில் ஏற்கெனவே சிவப்பு விளக்கு இருந்தமையால், இடப்புற மிதவைக்கே சிவப்பு விளக்கை வைத்தன. வட அமெரிக்கரோ சிவப்பு மிதவைக்குச் சிவப்பு விளக்கு என்று வலப்புறத்தில் வைத்தனர். ஓரிடத்தில் ‘இடப்புறம்’ என்று பொருள்படும் விளக்கு மற்றோரிடத்தில் ‘வலப்புறம்’ என்றாயிற்று. 1936இல் ஜினீவாவில் உருவான உடன்பாடு இரண்டாம் உலகப் போரினால் நடைமுறைக்கு வரவில்லை. 1976 வரையிலும் உலகில் முப்பதுக்கு மேற்பட்ட மிதவை முறைகள் வழங்கின.

இதன் விலை என்ன என்பது 1971இல் டோவர் நீரிணையில் தெரிந்தது. அவ்வாண்டு சனவரி 11ஆம் நாள், டெக்சகோ கரீபியன் என்னும் எண்ணெய்க் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி வெடித்து மூழ்கியது. மறுநாளே, பிராண்டன்பர்க் என்னும் ஜெர்மானியக் கப்பல் அந்தச் சிதைவின்மேல் ஏறி மூழ்கியது. விளக்குக் கப்பலும் மிதவைகளும் கொண்டு அவ்விடத்தை அடையாளப்படுத்தினார்கள். பிப்ரவரி 27ஆம் நாள், நிக்கி என்னும் கிரேக்கக் கப்பல் அவற்றைக் கடந்து சென்று அதே சிதைவில் மோதியது; அதிலிருந்த அனைவரும் மாண்டனர். அதற்குப் பின்னும் கப்பல்கள் சில அந்த வளையத்துக்குள் புகுந்தனவாம். அடையாளம் இருந்தது, அதன் பொருள்தான் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

1957இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டுக் கலங்கரை விளக்கக் கழகம் அதன்பின் விரைந்து செயற்பட்டது. 1980இல் டோக்கியோவில் உலகுக்கு ஒரே முறை ஒப்புக்கொள்ளப்பட்டது. இடமா வலமா என்னும் பழைய வழக்கு மட்டும் தீரவில்லை. உலகை இரு மண்டலமாகப் பிரித்துவிட்டனர். இந்தியாவும் இலங்கையும் அடங்கிய முதல் மண்டலத்தில், கடலிலிருந்து துறைமுகத்துள் வருகையில் சிவப்பு இடம், பச்சை வலம். அமெரிக்க நாடுகள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் அடங்கிய இரண்டாம் மண்டலத்தில் இதற்கு நேர்மாறு. இது முழு வெற்றி என்று நான் கூறமாட்டேன். முப்பதை இரண்டாகக் குறைத்தது பெரிய செயலே.

திசைக்குறி மிதவைகளில் எல்லோரும் ஒன்றுபட்டனர். கறுப்பும் மஞ்சளுமான இவற்றின் உச்சியில் இரு கூம்புகள். இரண்டும் மேல்நோக்கினால் ஆபத்துக்கு வடக்கே இம்மிதவை நிற்கிறது. வடபுறமாகச் செல் என்று பொருள். இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு. அடியோடு அடி சேர்ந்தால் கிழக்கு. நுனியோடு நுனி சேர்ந்தால் மேற்கு. இரவில் கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளலாம். கிழக்குக்கு 3 மின்னல், தெற்குக்கு 6, மேற்குக்கு 9, வடக்குக்கு இடைவிடாத மின்னல். தெற்கின் ஆறுக்குப் பின் நீண்ட ஒளி ஒன்றும் வரும். அலையாட்டத்தில் ஆறையும் ஒன்பதையும் எண்ணிக்கை பிசகிக் குழம்பாதிருக்க. இதனை வகுத்தவர் ஒரு நல்ல ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

நம் சென்னையின் விளக்கு மூன்று முறை இடம் மாறியது. 1796இல் புனித சார்ஜ் கோட்டைக் கட்டடம் ஒன்றின் மாடியில் ஏறியது. 1844இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள கருங்கல் தூணுக்கு வந்தது. 1894இல் நீதிமன்றத்தின் உயர்ந்த குவிமாடத்துக்குச் சென்றது. 1977இல் மெரினாவுக்குக் குடிபுகுந்தது. மாமல்லபுரத்தில், புதிய கோபுரம் எழுவதற்கு முன், பாறைமேலுள்ள பல்லவர் கோயிலின் உச்சியிலேயே விளக்கு வைத்திருந்தனர். இலங்கையின் தென்கிழக்கே, மக்கள் இராவணன் கோட்டை என வழங்கும் பாறைத்தொடரில் 1873இல் ஏறிய விளக்கத்தை வரைந்தவர் ஜேம்ஸ் டக்ளஸ். எடிஸ்டோனின் நான்காம் கோபுரத்தை 1882இல் முடித்தவரும் அவரே. கடற்பாறையில் ஸ்மீட்டன் கற்ற பாடம் அவ்வாறு நம் கடல்களுக்கும் வந்தது.

காவலர்கள் இப்போது பெரும்பாலும் இல்லை. எடிஸ்டோன் 1982இல் தானியங்கி ஆயிற்று. பிரிட்டனின் கடைசிக் காவலர்கள் 1998இல் இறங்கினர். செயற்கைக்கோள் வழிகாட்டிகள் வந்தபின், 1927ஆம் ஆண்டின் நம் கலங்கரை விளக்கச் சட்டம் மாறி, எல்லாக் கடல்வழி உதவிகளையும் தழுவும் சட்டம் 2021இல் வந்தது. ஆயினும் கருவி பழுதாகிய படகுக்கும், கருவியே இல்லாத கட்டுமரத்துக்கும் இரவில் எஞ்சுவது அந்த மின்னல்தான். ஆகவே விளக்குகளை அணைக்கவில்லை.

ஸ்மீட்டனின் கோபுரம் என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டேன். அது பழுதாகவில்லை. அதன் கீழிருந்த பாறையை அலைகள் அரித்தமையால், பெரிய அலைகள் மோதும்போது கோபுரம் ஆடியது. மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்து, பிளிமத் நகரின் மேட்டில் மீண்டும் அடுக்கி, 1884இல் மக்கள் பார்க்கத் திறந்தனர். அடிப்பகுதி பாறையிலேயே விடப்பட்டது. டக்ளஸ் கட்டிய புதிய கோபுரத்தின் பக்கத்தில் அது இன்றும் கடலில் நிற்கிறது.